கொடுத்தவர் நம்பர்

உக்காருங்க தம்பி. அந்த ஸ்டூல் வேண்டாம், கால் ஆடும், இதுல உக்காருங்க. மாமனாருக்குன்னு சொன்னீங்க. ஐசியூல இருக்காவன்னும் சொன்னீங்க. அப்ப உசுரு இருக்குல்லா. உசுரு இருக்கையிலயே கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸுக்குச் சொல்ல வந்திருக்கீங்க. தப்புன்னு சொல்லல. நம்ம பக்கம் வழக்கந்தான். டாக்டர் கையை விரிச்சுட்டா வீட்டுல ஒருத்தர் அழுவாம நின்னு இதையெல்லாம் பாக்கணும்லா. நல்ல போட்டோ தேடணும், யாரு யாரு பேரைப் போடணும்னு கேக்கணும். செத்த பொறவு ஓடியாந்தா ஒரு மருமவன் பேரு விட்டுப்போவும், அதுக்குத் தனியா ஒரு சண்டை நடக்கும். அதனால முன்னாடியே டிசைன் பண்ணி வச்சிருவோம். தேதி மட்டும் காலியா இருக்கும்.

ஆனா நான் இப்ப அப்படி எடுக்கறதில்ல. நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சு. ஏன்னு கேட்டா சொல்லுதேன். கேக்காட்டியும் சொல்லுவேன், வேற வேலை இல்ல இப்ப. இந்தா பாருங்க, முன்பல்லு ரெண்டும் வச்ச பல்லு. சொன்னாத்தான் தெரியும்.

வாழைக்காய் மண்டி தளவாய் அண்ணாச்சி பேரைக் கேட்டிருப்பீங்க. கேட்டதில்லையா? அப்ப நீங்க இந்தப் பக்கத்து ஆளே இல்ல. மண்டியில ஒருத்தன் வாழைத்தார் திருடிட்டான்னு அவன் கட்டைவிரலைத் தராசுக்கு அடியில வச்சு எடைக்கல்லை இறக்கச் சொன்னவுக. ஒரு கல்லு இல்ல, மூணு கல்லு. மூணாவது கல்லுக்கு அவன் கத்தக்கூட இல்லையாம். அப்பேர்ப்பட்ட ஆளுக்கு மூளையில ரத்தக் குழாய் அடைச்சு ஆஸ்பத்திரியில கிடக்காவ. ராத்திரி தாண்டாதுன்னு டாக்டர் சொல்லியாச்சு. மத்தியானம் மூத்த மவன் மந்திரமூர்த்தி இங்க வந்தான். இப்ப நீங்க உக்காந்திருக்கீங்கள்லா, அதே இடத்துலதான் உக்காந்தான். மந்திரம்னுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அப்பன் போட்டோவை அவனே பாத்துப் பாத்து எடுத்தான். மாலை கொஞ்சம் பெருசா வையுங்கன்னு சொன்னான். கண்ணு கலங்கல. அது அவன் சுபாவம்.

நமக்கு ஃப்ளெக்ஸ் மட்டும் இல்ல, ஒரு வெப்சைட்டும் இருக்கு. ஊருல சுத்துவட்டாரத்துல யாரு செத்தாலும் அதுல போட்டோவோட வந்துரும். மும்பையில, துபாய்ல கிடக்க நம்மாளுக காலையில எந்திரிச்ச உடனே அதைத்தான் பாப்பாவ. யாருக்கு லீவு கேக்கணும், யாருக்குக் கேக்க வேண்டாம்னு அதைப் பாத்துத்தான் முடிவு பண்ணுவாவ. எதுத்த கடைக்காரனும் அப்படி ஒண்ணு ஆரம்பிச்சான். ஆனா முதல்ல நம்ம சைட்டுலதான் வரணும். அதுல நான் விட்டுக்குடுக்க மாட்டேன்.

சைட்டைப் பண்ணிக் குடுத்தது செல்வின். நம்ம கடை டிசைனர். குரும்பூர்க்காரன், முப்பத்தேழு வயசு, ரெண்டு பொம்பளப் பிள்ளைக. வேலையில சூரன்தான், இல்லைங்கல. ஆனா வாய் உண்டு. எது சொன்னாலும் ஒரு சட்டம் பேசுவான். அஞ்சலி குடுக்க வாரவங்க பேரு, நம்பர் எல்லாம் டேட்டாபேஸ்ல ஏத்தணும்பான். ஒருதடவை எவனோ வேண்டாதவன் உசுரோட இருக்க ஆளுக்கு அஞ்சலி குடுத்துட்டுப் போயிட்டான், அதுல இருந்து அந்தச் சட்டம். கொடுத்தவர் பேரு, கொடுத்தவர் நம்பர்னு ரெண்டு கட்டம். அதை எழுதாட்டி உள்ளயே விடாது.

அன்னைக்குச் சாயங்காலம் நான் என்ன சொன்னேன், தளவாய் அண்ணாச்சி அஞ்சலியைக் காலையில ஆறு மணிக்கு டைம் செட் பண்ணு, தானா வந்துரட்டும்னேன். அவன் முடியாதுன்னுட்டான். "உசுரோட இருக்க மனுசனுக்கு டைம் குறிக்கக் கூடாதுண்ணே. அது நம்ம வேலை இல்ல"ன்னான். கடையில நாலு கஸ்டமர் நிக்காவ. அவங்க முன்னாடி எனக்குப் புத்தி சொல்லுதான். எனக்கு எப்படி இருக்கும்?

நான் அடிச்சுட்டேன்னு ஊருல சொல்லுதாவ. அடின்னு சொல்ல முடியாது. கையில ஸ்டீல் ஸ்கேல் இருந்துச்சு, அதைக் கீழ வச்சுட்டுத்தான் தட்டுனேன். அந்த அளவுக்கு எனக்கு நிதானம் உண்டு. ஒரு தட்டுதான், இடது பக்கம். கன்னத்துல விழவேண்டியது, அவன் திரும்பிட்டான், காதுல பட்டுது. நாற்காலியோட சரிஞ்சான். காதுல இருந்து கொஞ்சம் ரத்தம் வந்துச்சு. சளி பிடிச்ச காதா இருக்கும். எந்திரிச்சு சாப்பாட்டு வாளியை எடுத்துட்டு நேரா வெளிய போயிட்டான். அந்தத் திமிரைப் பாத்தீங்களா.

டைமை நானே வச்சேன். அது பெரிய வேலை இல்ல. ஆறு மணின்னு போட்டு அமுக்குனா முடிஞ்சுது. ஆனா கோவம் அடங்கல. கம்ப்யூட்டர்ல பாத்தா, மேல ஓரத்துல அட்மின் செல்வின்னு இருக்கு. என் கடையில, என் கரண்டுல ஓடுத கம்ப்யூட்டர்ல இவன் பேரு. இனிமே இவன் ஜென்மத்துக்கும் உள்ள வரக்கூடாதுன்னு பாஸ்வேர்டு மாத்துத இடத்துக்குப் போயி, கீபோர்டை முஷ்டியால ரெண்டு குத்து குத்துனேன். என்னென்னமோ எழுத்து விழுந்துச்சு. அதை அப்படியே காப்பி பண்ணி ரெண்டாவது கட்டத்துலயும் போட்டு சேவ் குடுத்தேன். படக்குன்னு வெளிய தள்ளிட்டுது. அதுல இருந்து லாகின் கோளாறு. செல்வின்தான் என்னமோ பண்ணி வச்சுட்டுப் போயிருக்கான்னு எனக்கு அப்பமே தெரியும்.

காலையில ஆறு மணிக்கு அஞ்சலி டாண்ணு வந்துட்டுது. அஞ்சே முக்காலுக்கு அண்ணாச்சி கண்ணு முழிச்சுட்டாவ.

கஞ்சி கேட்டிருக்காவ. நர்ஸம்மா ஸ்பூன்ல ஊட்டுதா. அந்நேரம் பக்கத்துல இருந்தவன் போனுக்கு துபாய்ல இருந்து கூப்பிட்டு ஒருத்தி ஒப்பாரி வைக்கா. இவுக போனை வாங்கி, "யாரு செத்தது?"ன்னு கேட்டிருக்காவ. அந்தப் பொம்பள அங்க மயங்கி விழுந்துட்டாளாம். ஏழு மணிக்குள்ள அவுக வீட்டு வாசல்ல பந்தல்காரன் கம்பு இறக்கிட்டான். மாலையோட எட்டு பேரு வந்து நிக்கான்.

எட்டரைக்கு நான் கடை ஷட்டரைத் தூக்குதேன், பின்னாலயே ரெண்டு வண்டி. அண்ணாச்சியே வந்துட்டாவ. ஆஸ்பத்திரி நீலச் சட்டை, கையில ஊசி குத்தி பிளாஸ்திரி ஒட்டுனது அப்படியே இருக்கு. ரெண்டு பேரு தாங்கிப் பிடிச்சுக் கூட்டியாந்து இந்த நாற்காலியில உக்கார வச்சாவ. விரலை மட்டும் அசைச்சாவ. நாலு பேரு உள்ள இறங்குனான்.

ப்ரிண்டிங் மிசின் தலையைக் கடப்பாரையால ரெண்டா ஒடச்சாங்க. மை நாலு கலரும் தரையில ஓடுது. என்னைப் பிடிச்சு அந்த மையில முகத்தைத் தேய்ச்சாங்க. ஒருத்தன் முதுகுல ஏறி நிக்கான். ஒருத்தன் கையை முறுக்குதான். இதுல யாரு ரொம்ப அடிச்சது தெரியுமா? மந்திரம். ஆமா தம்பி, ஆர்டர் குடுத்தானே, அவனேதான். அப்பனுக்குப் பின்னால நின்னவன் முன்னால பாஞ்சு வந்து என் வாயிலேயே குத்துதான். வேற எங்கயும் இல்ல, வாயில மட்டும். நான் "அண்ணாச்சி"ன்னு ஆரம்பிச்சா ஒரு குத்து. "குடுத்தது"ன்னு ஆரம்பிச்சா ஒரு குத்து. பல்லு ரெண்டும் அதுலதான் போச்சு. ஒண்ணு அவன் விரல்லயே ஏறிட்டுது, அதைப் பிடுங்கிப் போட்டுட்டு மறுபடியும் குத்துதான்.

அண்ணாச்சி கையைக் காட்டி நிறுத்துனாவ. மெதுவாத்தான் பேச வந்துது அவுகளுக்கு. "ரெண்டு காரியம். என் படத்தை அதுல இருந்து எடு. எவன் குடுத்தான்னு காட்டு"ன்னாவ. நான் ரத்தத்தைத் துப்பிட்டு, "அண்ணாச்சி, ரெண்டும் கம்ப்யூட்டர் மிசின்லதான் இருக்கு, லாகின் போக மாட்டேங்கு, உள்ள போனாத்தான் முடியும்"னேன். "நீ வாயால சொல்லாத. வாய் பயத்துல எவன் பேரையும் சொல்லும். மிசின்ல இருக்குன்னியே, அதைக் காட்டு. மத்தியானத்துக்குள்ள காட்டாட்டி உனக்கு நானே மாலை வாங்கியாரேன்"ன்னாவ. காவலுக்கு மந்திரத்தை இருக்கச் சொல்லிட்டு வண்டியில ஏறிட்டாவ.

காவலுக்கு யாரை வச்சாவன்னு பாருங்க. ஷட்டரைப் பாதி இறக்கிட்டு மந்திரம் என் பக்கத்துல உக்காந்தான். சட்டைக்குப் பின்னால இருந்து பேப்பர் சுத்துன அருவாளை எடுத்து மேசையில வச்சான். "மொதல்ல தொற. பொறவு என்ன செய்யணும்னு நான் சொல்லுதேன்"ன்னான்.

எப்படித் தொறக்க? அஞ்சு தடவை அடிச்சேன், தப்பு தப்புங்கு. ஆறாவது தடவை, ஒரு நாளைக்குப் பூட்டியாச்சுங்கு. பாஸ்வேர்டு மறந்துபோச்சான்னு கீழ ஒண்ணு இருக்கும், அதை அமுக்குனேன். மெயில் அனுப்பியாச்சுங்கு. எந்த மெயிலுக்கு? எங்கிட்ட ஏழு வருசத்துக்கு முந்தி இருந்த மெயிலுக்கு. அது என்னன்னே எனக்கு மறந்துபோச்சு. மந்திரம் அருவா முனையால மேசைக் கண்ணாடியை டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருக்கான். கண்ணாடி விரிசல் விட்டுப்போச்சு, இந்தா இந்தக் கீறல் அதுதான். வேற வழி இல்லாம செல்வினுக்குப் போன் போட்டேன்.

எடுக்க மாட்டான்னு நினைச்சேன். மூணாவது மணியில எடுத்துட்டான். "இருங்கண்ணே, போனை அந்தக் காதுக்கு மாத்திக்கிடுதேன். இதுல இரைச்சல்தான் கேக்கு"ன்னான். நான் விசயத்தைச் சொன்னேன். அடிபட்டதைச் சொல்லல, ஆனா பல்லு இல்லாம பேசுதது தெரியும்லா. "அண்ணே, பக்கத்துல யாரும் இருக்காவளா?"ன்னு கேட்டான். இல்லன்னேன்.

பொறவு அவன்தான் வழி சொன்னான். ஹோஸ்டிங் கம்பெனிக்கு வருசாவருசம் நான்தான் கட்டுதேன், அதுக்கு என் போனுக்கே ஓடிபி வரும். அதுவழியா உள்ள போயி டேட்டாபேஸைத் திறக்கச் சொன்னான். கட்டங்கட்டமா இருக்கு. அதுல ஆளுக பேரு இருக்க டேபிளைக் காட்டுனான். பாஸ்வேர்டு இருக்க இடத்துல புரியாத எழுத்தா நீளத்துக்குக் கிடக்கு. அதை அழிச்சுட்டுப் புதுசா எழுதச் சொன்னான், எழுதுனேன், போயிப் பாத்தா அப்பவும் தப்புங்கு. மந்திரம் என் பிடரியில ஒண்ணு வச்சான், நெத்தி கீபோர்டுல மோதுச்சு. செல்வினுக்கு அந்தச் சத்தம் கேட்டிருக்கு. குரலை மட்டும் மெதுவாக்கிட்டான். "அவசரப்படாதீங்கண்ணே. எழுதுத கட்டத்துக்கு முன்னாடி சின்னதா ஒரு பட்டியல் இருக்கும், அதுல எம்.டி.ஃபைவ்னு இருக்கதை எடுங்க. இல்லன்னா அதுக்குப் புரியாது. இன்னொரு டேபிள்ல நீங்க தப்பா அடிச்சதெல்லாம் ஏறி இருக்கும், அதைக் காலி பண்ணுங்க, பூட்டு விட்டுரும்"னான். சின்னப் பிள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொன்னான். முக்கா மணி நேரம். ஒரு இடத்துலகூட முதல்நாள் நடந்ததைப் பேசல.

தொறந்துட்டுது தம்பி. அண்ணாச்சி படத்தை எடுத்தேன். எடுத்த உடனே செல்வின் சொன்னான், "அண்ணே, கொடுத்தவர் பேரும் நம்பரும் இருக்க ஆர்டர் டேபிளை மட்டும் தொடாதீங்க. யாரு என்ன மிரட்டுனாலும் தொடாதீங்க. அதுதான் உங்களுக்குக் காவல். அது இருக்க வரைக்கும் தப்பு உங்க மேல இல்ல." ஸ்பீக்கர்ல போட்டிருந்தேனா, மந்திரம் கேட்டுட்டான். போனைப் பிடுங்கி அணைச்சுட்டு மேசையில போட்டான். அருவாளை என் கழுத்துல வச்சான். வைக்கதுன்னா சும்மா இல்ல, அழுத்தி. சட்டைக்குள்ள சூடா இறங்குது. தழும்பு இங்கன இருக்கு.

"என் நம்பர் அதுல இருக்கக் கூடாது"ன்னான். "அழிச்சிருதேன்"னேன். "காலியா இருந்தா எங்க அய்யாவுக்குத் தெரியாதா? அங்க ஒருத்தன் இருக்கணும்"ங்கான்.

பத்து நம்பர் தம்பி. பத்து எழுத்து. கழுத்துல அருவா இருக்கையில யாரு நம்பர் ஞாபகத்துக்கு வரும்? எனக்கு எம் பொண்டாட்டி நம்பரே ஞாபகத்துக்கு வராது. மேசையில போன் கிடக்கு, மேலாப்புல கடைசியாப் பேசுன நம்பர் நிக்கு. அதைப் பாத்து அடிச்சேன். நம்பருக்கு ஒரு பேரு வேணும்லா, செல்வின்னு அடிச்சேன். டேபிள்ல ஒரு வரி. சேவ் குடுத்தேன், பச்சையா ஒரு கோடு வந்துது, ஒரு வரி மாறியாச்சுன்னு. நான் செஞ்சது அவ்வளவுதான். ஒருத்தன் மேல கை வைக்கல.

பன்னெண்டு மணிக்கு அண்ணாச்சி வந்தாவ. ஸ்கிரீனைக் காட்டுனேன். குனிஞ்சு ஒவ்வொரு எழுத்தாப் படிச்சாவ. "யாரு இவன்?"னாவ. மந்திரம் முந்திக்கிட்டான், "இந்தக் கடையில வேலை பாத்தவன்ய்யா. நேத்து இவன் அறைஞ்சு வெரட்டிட்டான். அந்தக் காட்டத்துல கடையைக் கெடுக்கணும்னு உங்க படத்தைப் போட்டுட்டுப் போயிருக்கான்." அண்ணாச்சி என்னைப் பாத்தாவ. "அறைஞ்சியா?"ன்னாவ. ஆமான்னேன். உண்மைதான அது. எல்லாம் ஒண்ணுக்கொண்ணு பொருந்திட்டுது, நானே நம்பிருவேன் போல இருந்துச்சு. போகையில என் தோள்ல தட்டுனாவ. "மிசின் புதுசு வாங்கிக்கோ, மண்டியில சொல்லுதேன்"னாவ.

அவனைத் தேடி யாரும் அலையல. அதான் நம்பர் இருக்கே. கடைத் திறப்பு விழாவுக்கு ஃப்ளெக்ஸ் வேணும், குரும்பூர் ரயில்வே கேட்டுப் பக்கம் வா தம்பின்னு கூப்பிட்டிருக்காவ. வேலை போன மனுசன், உடனே கிளம்பிட்டான். அடி ஸ்கேல், நோட்டெல்லாம் எடுத்துட்டுப் போயிருக்கான், அளவு எடுக்க. சாயங்காலம் நாலு மணி, நல்ல வெளிச்சம். மண்டி ஆளுக ரெண்டு பேரு பைக்குல இடது பக்கமா வந்திருக்காங்க. அந்தப் பக்கம் இருந்த டீக்கடைக்காரர் "ஓடுலே, ஓடுலே"ன்னு தொண்டை கிழியக் கத்தியிருக்காரு. இவன் திரும்பவே இல்லையாம். முதல் வெட்டு தோள்ல விழுந்த பொறவுதான் திரும்பியிருக்கான். மொத்தம் ஏழு. கையை வச்சுத் தடுத்திருக்கான், வலது கையில விரலு நாலும் நோட்டு மேலயே கிடந்துச்சாம். அந்தக் காது முன்னாடியே மோசமாத்தான் இருந்திருக்கும். அதுக்கு நான் என்ன செய்ய?

போலீஸ் வந்துச்சு. மிசினைப் பாத்தாவ, ப்ரிண்ட் எடுத்துக்கிட்டாவ. வெட்டுன ரெண்டு பேரும் தானாப் போயி சரண்டர் ஆயிட்டானுவ. நான் இருக்கதைச் சொன்னேன். நீங்க இதை வெளிய சொன்னாலும் ஒண்ணும் ஆவாது தம்பி. மிசின்ல அப்படித்தான் இருக்கு.

செல்வினுக்கு அஞ்சலி நான்தான் போட்டேன். ஃப்ளெக்ஸும் நான்தான் அடிச்சேன், வெளிய குடுத்து. முதல்ல நம்ம சைட்டுலதான் வந்துச்சு, எதுத்த கடைக்காரன் மறுநாள்தான் போட்டான். பதினாறு நாள் கழிச்சு அவன் பொண்டாட்டி ஜெனிட்டா வந்தா. சண்டைக்குத்தான் வாரான்னு நினைச்சு நான் எந்திரிச்சு நின்னுட்டேன். சண்டை போடல. இந்த வாசல்படியிலயே நின்னா. "அன்னைக்குக் காலையில ரொம்ப நேரம் உங்ககிட்டதான் பேசிட்டு இருந்தாவ. கடைசியா என்ன சொன்னாவ?"ன்னு கேட்டா. பாஸ்வேர்டு சொன்னாம்மான்னு சொன்னேன். வேற என்னத்தச் சொல்ல? கொஞ்ச நேரம் நின்னா, போயிட்டா. அவ அப்படி நின்னது மட்டும் இன்னும் என்னமோ போல இருக்கு. நல்லா நாலு வார்த்தை வஞ்சிருந்தா தீந்துருக்கும்.

பாஸ்வேர்டு இன்னும் அதேதான். அவன் சொல்லி நான் அடிச்சது. மாத்தல. மாத்தி மறுபடியும் பூட்டிக்கிட்டா இப்ப யாரைக் கூப்பிட?

அண்ணாச்சி எட்டு மாசம் கழிச்சுப் படுக்கையில நல்லபடியாப் போய்ச் சேந்தாவ. டிசைன் ரெடியா இருந்துச்சு, தேதியை மட்டும் நிரப்புனேன். மண்டி இப்ப மந்திரம் கையில. கெட்டவன்னு சொல்லமாட்டேன், மாசத்துக்கு ஒரு தார் அனுப்பி வைக்கான். அந்தா தொங்குதுல்லா, கோழிக்கோட்டுப் பழம். போகையில ரெண்டு சீப்பு பிச்சுட்டுப் போங்க.

சரி, நம்ம விசயத்துக்கு வருவோம். முன்னாடியே எடுக்கறதில்லன்னு சொன்னேன்லா. ஆனா இவ்வளவு தூரம் வந்துட்டீங்க, வெறுங்கையோட அனுப்ப மனசு வரல. போட்டோவைக் குடுங்க. நல்லா இருக்காவ, சிரிச்ச முகம். மாலை அளவா வைக்கேன், தேதி காலியா விடுதேன். டைம் குறிக்க மாட்டேன், பயப்படாதீங்க. இந்தா இந்த ஃபாரத்தை நிரப்புங்க. அவுக பேரு, ஊரு, சரி. கீழ அந்தக் கடைசிக் கட்டம் மட்டும் கொஞ்சம் இருங்க.

உங்க நம்பர் வேண்டாம் தம்பி. வேற யாரு நம்பராச்சும் சொல்லுங்க. யாருதா இருந்தாலும் சரி, கூப்பிட்டா எடுக்கணும், அவ்வளவுதான்.